பதர் கழிவு

அம்சவல்லியின் வீட்டுக்கு நெல் எப்போதும் பதரோடுதான் வரும். அறுப்பு நாட்களில் பொழுது சாய அம்மா ராமாயி கூலி நெல்லைத் துணியில் கட்டித் தலையில் சுமந்து வருவாள். மூட்டையை இறக்கியதும் கைகால்கூடக் கழுவமாட்டாள். முறத்தை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து புடைக்க ஆரம்பித்துவிடுவாள். பதரும் கருக்காயும் தூசியுமாகப் பறக்கும். மிஞ்சியதைக் கையால் அளைந்து பார்த்து, "இன்னிக்குப் பரவால்ல" என்பாள், அல்லது ஒன்றும் சொல்லமாட்டாள். ஒன்றும் சொல்லாத நாட்களே அதிகம். நெல் என்றால் இப்படித்தான் என்று மகள் நினைத்துக்கொண்டாள். அதில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விடும். யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அது நெல்லின் குணம்.

பருத்திக்கரை என்ற அந்த ஊர் திருவிடைமருதூருக்குத் தெற்கே, கீர்த்திமானாற்றைத் தாண்டி இருந்தது. நிலமெல்லாம் ஒரு தர்மக் கட்டளையுடையது. நில உச்சவரம்புச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஒரு பண்ணைக் குடும்பம் தன் நிலத்தையெல்லாம் அன்னதானத்துக்கு என்று எழுதிவைத்துவிட்டு, அந்த அன்னதானத்தைத் தானே நிர்வாகம் செய்துவந்தது. பிறகு குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. ஊரில் ஓர் ஏஜெண்டை வைத்துவிட்டுப் போனது. அவர் பெயர் காயாரோகணம். நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள் மேலத்தெருக்காரர்கள். அவர்களிடம் கூலிக்கு இறங்கியவர்கள் தெற்குத்தெருக்காரர்கள். ராமாயி வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து வீரையன் என்பவரின் குத்தகை வயலில் நட்டாள், களை பறித்தாள், அறுத்தாள்.

அம்சவல்லியின் அப்பா அரசப்பன் ஆளுங்கட்சிக்காரர். அதாவது அவர் கட்சி ஆண்டபோது ஆளுங்கட்சிக்காரர், மற்ற நாட்களில் பட்டினிக்காரர். குடியிருந்த மனைக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தபோது அதைச் சட்டம் போட்டுத் தலைவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "அடுத்தது வயலு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பத்தாவது படிக்கும்போது செத்துப்போனார். அவர் நம்பியதில் பாதி நடந்தது. மகளுக்கு விடுதி கிடைத்தது, பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. ஆட்சி மாறினால் சுவரொட்டி மாறியது, பஸ் பாஸ் மாறவில்லை. வயல் மட்டும் வரவில்லை. அது கட்டளையிடமே இருந்தது, அன்னதானத்துக்காக.

கும்பகோணத்தில் ஒரு வெற்றிலை மண்டிக்கு மேல்மாடியில் நாகநாதனின் கம்ப்யூட்டர் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசியில் அம்சவல்லி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். ஏறும்போது வெற்றிலை வாசனையும் இறங்கும்போது வெற்றிலை வாசனையுமாக இருக்கும். நாகநாதன் முன்பு உரக்கடையில் கணக்கு எழுதியவர். தானாகவே புத்தகம் பார்த்துப் படித்து மேலே வந்தவர். அந்த மாடியில் மெஷின்களையும் மின்விசிறியையும் தவிர எதற்கும் அவர் காசு கொடுத்திருக்கவில்லை. புரோகிராம் எழுதுவதற்கான சாமான் எல்லாம் சென்னையில் ஏதோ சந்தில் நகலெடுத்து விற்ற சி.டி. தகடுகளில் வந்தது. அவற்றின் மேல் பெயர் பேனாவால் எழுதியிருக்கும். அம்சவல்லி தொழில் கற்றுக்கொண்டது அந்தத் தகடுகளில்தான். அதைத் திருட்டு என்று அவளுக்குத் தோன்றியதில்லை. காசு கொடுத்து வாங்கிய தகட்டை அந்தப் பக்கத்தில் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ஆனால் நாகநாதனுக்கும் ஒரு காயம் இருந்தது. ஆடுதுறைப் பூச்சிமருந்துக் கடை ஒன்றுக்காகக் கண் சிவக்க உட்கார்ந்து பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் அதை மன்னார்குடி மைத்துனருக்கு நகலெடுத்துக் கொடுத்தார். மைத்துனர் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் நாகநாதனிடம், "உங்க புரோகிராமைத்தான் வச்சிருக்கேன் சார். ரொம்ப நல்லாருக்கு. ஒரே ஒரு எடத்துல மக்கர் பண்ணுது, வந்து பாக்கறீங்களா?" என்று கேட்டார். நாகநாதன் அவருக்கு விற்றதே இல்லை. பாயசம் வருமுன் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் விற்ற எல்லாவற்றிலும் பூட்டு இருந்தது. பிரிண்டர் ஒயரில் செருகும் சிறிய கட்டை ஒன்று. அது இல்லாவிட்டால் புரோகிராம் திறக்காது. வேலைக்குச் சேர்கிறவர்கள், இங்கே எழுதுவது எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அம்சவல்லியும் போட்டாள்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. நாளைக்கு நீ கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிடுவே. புரோகிராம் இங்கதானே இருக்கணும்?" என்றார் அவர்.

கட்டளையின் குத்தகைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தபோது நாகநாதன் அவளிடம்தான் கொடுத்தார். "ஒங்க ஊர்தானே, ஒனக்குத்தான் நெல்லு தெரியும்" என்றார். ஏஜெண்டு காயாரோகணம் மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. ராமாயி மகள் என்று தெரிந்ததும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து விவரம் சொன்னார். குத்தகை இத்தனை கலம் என்று தீர்மானம். களத்தில் மரக்காலால் அளந்து வாங்கியதும் ஆளுக்கு ஒரு சீட்டு. இருபது வருஷத்துச் சீட்டுகளையும் குத்தகைக்காரர்களிடமிருந்து வாங்கி ஏற்றிவிட வேண்டும். கலத்தைக் கிலோவாக்க வேண்டும். பாக்கி தானாக வரவேண்டும்.

அம்சவல்லி எழுதிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நிமிர்ந்தாள்.

"வரவு நெல்லுல பதரு கழிக்கணுமா சார்?"

காயாரோகணம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார். துடைத்து மாட்டிக்கொண்டார். அவள் முகத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"கழிக்கலாமே" என்றார். "எவ்வளவு கழிக்கலாம்னு நீயே சொல்லேன்."

"பத்துல ஒண்ணு போகும் சார்."

"அப்ப பத்துல ஒண்ணு."

வீட்டில் முறத்திலிருந்து பறந்ததை வைத்து அவள் சொன்னாள். இரண்டு வரியில் அது அடங்கிவிட்டது. எழுதி முடித்தபோது தன் ஊர் விஷயம் ஒன்று கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் எழுதிய வரிகளுக்கு சோர்ஸ் என்று பெயர். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அது வாடிக்கையாளரிடம் போவதில்லை. மெஷினுக்கு மட்டும் புரிகிற மாதிரி மாற்றிய பிறகுதான் போகும். விதைநெல்லுக்கும் புழுங்கல் அரிசிக்கும் உள்ள வித்தியாசம்தான். புழுங்கலைச் சமைக்கலாம், முளைக்கவைக்க முடியாது. கட்டளைக்குப் போனது புழுங்கல். விதை மாடியில் நாகநாதனின் மெஷினில் இருந்தது.

புரோகிராம் நன்றாக ஓடியது. இன்னும் சில கட்டளைகளும் மிராசுதார்களும் வாங்கினார்கள். நாகநாதன் அவளுக்குச் சம்பளம் உயர்த்தினார். ராமாயி களத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. "ஒன் சம்பளம் ஒனக்கு. வேலைக்கிப் போவாத நாளு எனக்கு மேலெல்லாம் வலிக்கிது" என்றாள்.

ஒருநாள் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு தகடு வந்தது. நாகநாதன் அதைத் தூக்கி அலமாரியில் போட்டார். "சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்? எலக்‌ஷன்ல நிக்கறானா?" என்றார். மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது அம்சவல்லி அதைப் போட்டுப் பார்த்தாள். கூடவே ஒரு நிபந்தனைப் பத்திரம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தாள். இதை யாரும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். பிறருக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அவளுக்கு வினோதமாக இருந்தது. நகலெடுப்பது சரியா தப்பா என்றுதான் அதுவரை அந்த மாடியில் பேச்சு. நாகநாதன் ஒருநாள் ஒன்று சொல்வார், மறுநாள் இன்னொன்று சொல்வார். உள்ளே பார்க்கிற உரிமை என்று ஒன்று உண்டு என்று யாரும் சொன்னதில்லை.

நிலத்தை விட்டு ஏன் வெளியேற்றக்கூடாது என்று வருவாய் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது, அடுத்த தை மாதம். பருத்திக்கரையில் பலருக்கு வந்தது. பெரிய பாக்கி வீரையனுக்கு. அவர்தான் நிறைய நிலம் உழுதவர், ஒரு சீட்டு விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். சீட்டை வாங்கிக்கொண்டு கட்டளையில் அழகாகப் பிரிண்ட் போட்ட ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். அதில் கழிவு போன பிறகு உள்ள நெல் மட்டும் இருந்தது. எதைக் கழித்தது என்று இல்லை.

வீரையன் வெற்றிலை மண்டியில் விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்தார். நாகநாதன் இல்லை. படி ஏறிய மூச்சு வாங்க, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்சவல்லி தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். உட்காரச் சொல்ல நினைவு வர ஒரு நிமிஷம் ஆனது.

"உக்காருங்கய்யா."

"இருக்கட்டும். நீ ராமாயி மவதானே? ஏஜெண்டு சொன்னாரு, நீதான் எழுதினேன்னு." கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்தவர்போல் மெஷினைப் பார்த்தார். "நான் குத்தகையில ஒரு மரக்கா கொறச்சு அளந்ததில்ல. ஒங்கம்மாளக் கேளு. கட்டளை மரக்காவ வச்சு, ஒண்ணுன்னு சொல்லாம 'லாபம்'னு மொத அளவு விழறப்ப நான் நின்னு பாப்பேன். ஏஜெண்டு நிப்பாரு, கணக்கப்பிள்ள நிப்பாரு, அறுத்த ஆளுங்க எல்லாம் நிப்பாங்க. எவனும் ஒரு படி ஏமாத்த முடியாது. இந்தப் பொட்டிக்குள்ள அளந்தா நான் எங்கம்மா நின்னு பாக்கறது?"

"வரவு எல்லாம் சரியாத்தான் ஏத்தியிருக்கேன்யா. பதருக்கு மட்டும் கழிவு போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"என்ன பதரு?"

"நெல்லுல இருக்கற பதரு."

வீரையன் அவளைப் புரியாமல் பார்த்தார். "தூத்தாத நெல்லக் கட்டளை மரக்காலுக்கு எவன் அளப்பான்? தூத்தி, நல்ல நெல்லப் பொலியாக் குவிச்சு, கையில அள்ளி ஊதிப் பாத்துட்டுத்தானே அளவே ஆரம்பிப்பாங்க? குத்தகை நெல்லுல ஏது பதரு?"

அம்சவல்லி மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "ஒண்ணும் நெனச்சுக்காதம்மா, படிச்ச புள்ள. தெரியாமப் போட்டிருப்பே. மாத்திடு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் ராமாயியிடம் கேட்டாள். ராமாயி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குத்தகை நெல்லுல பதரு இருக்காதாம்மா?"

"பொலியில ஏதுடி பதரு? காத்துல தூத்தறப்ப கனத்த நெல்லு நடுவுல விழும். அது கட்டளைக்கு, அவங்களுக்கு. ஓரத்துல போறது நமக்கு. நீ என்னிக்கு நல்ல நெல்லப் பாத்தே?"

அம்சவல்லி சொன்னாள். ராமாயி முதலில் சிரித்துவிட்டாள். "கட்டளை நெல்லுல பதரு கழிச்சியா? அடி இவளே!" மீன் கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு இருமல் வரும்வரை சிரித்தாள். "நமக்குப் பதர அளந்த மனுசனுக்கு அந்தப் பதரே..." என்று ஆரம்பித்தவள் மகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மறுபடி அருவாமனையை இழுத்துக்கொண்டாள்.

"நெலத்த எடுத்துடுவாங்களா?"

"எடுத்துடலாம்மா. பாக்கி இருந்தா."

"அவருக்கும் எனக்கும் கூலி வழக்கு ஒண்ணு இருக்கு. அது வேற. அத நான் களத்துல கேட்டுக்குவேன். கேட்டும் இருக்கேன், போன வருசம் செங்கொடி புடிச்சுக்கிட்டு." ராமாயி மீனைச் சட்டியில் போட்டாள். "நெலமே இல்லன்னா யாருகிட்டப் போயி கேக்கறது? மாத்திடு. ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லு."

சொன்னாள். நாகநாதன் கவனமாகக் கேட்டார். சோர்ஸைத் திறந்து அந்த இரண்டு வரியையும் பார்த்தார். பிறகு மூடினார்.

"இத வெளிய யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லது. கேஸ் போட்டாச்சு. இப்ப நாம தப்புன்னு சொன்னா கட்டளை நம்ம மேல திரும்பும். மத்த பார்ட்டிங்க எல்லாம் திருப்பித் தருவாங்க. இந்த மாடி போயிடும், தெரியுதா?"

"அவங்க நெலம் போயிடும் சார்."

"ஏஜெண்டு கேட்டாரு, நீ போட்டே. நான் என்ன செய்யட்டும்?" அவர் குரலை இறக்கினார். "அம்சவல்லி, நான் கெட்டவன் இல்ல. அடுத்த வெர்ஷன்ல எடுத்துடறேன். சத்தமில்லாம."

"பழைய பாக்கி?"

அவர் மேஜைமேல் இருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார். மண்டியிலிருந்து யாரோ வெற்றிலைக் கவுளி எண்ணும் குரல் மேலே வந்தது.

செங்கொடிச் சங்கத்தின் வக்கீல் சேக் தாவூது பருத்திக்கரைக்காரர்களுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். அம்சவல்லி அவரைப் போய்ப் பார்த்தாள். அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஆனால் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"நீ சொன்னா அது வாய்வார்த்தை. அந்த ரெண்டு வரி எழுத்துல வேணும்."

"அது கம்பெனியோடது சார். நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"தெரியும். எடுத்தா உனக்குக் கஷ்டம். எடுக்காட்டி அவங்களுக்குக் கஷ்டம். நான் எடுன்னு சொல்லமாட்டேன். வக்கீல் அப்படிச் சொல்லக்கூடாது." கொஞ்சம் பொறுத்து, "மனுஷனா என்ன சொல்லணும்னும் தெரியல" என்றார்.

அவள் பல நாட்கள் யோசித்தாள். பல வருஷமாக ஊரான் எழுதியதையெல்லாம் நகலெடுத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குப் போகும், அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பாள். இப்போது நகலெடுக்க வேண்டியது அவளே எழுதியது. ஒருநாள் மத்தியானம் நாகநாதன் சாப்பிடப் போனதும் ஃபிளாப்பியைச் செருகினாள். அது கரகரவென்று சுற்றிய சத்தம் கீழே மண்டிவரை கேட்கும்போல் இருந்தது. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது, களத்திலிருந்து நெல்லை மடியில் கட்டிக்கொண்டு போனாள் என்று ஒரு காலத்தில் கட்டிவைத்து அடித்தார்களே, அம்மா சொல்வாளே, அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

சேக் தாவூது மனுவோடு அதைத் தாக்கல் செய்த அன்றே நாகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. அம்சவல்லி மாடிக்குப் போனபோது அவளுடைய நாற்காலி மெஷினுக்கு முன்னால் இல்லை. சுவரோரம் இருந்தது.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டேன் சார்."

"கேட்டே. சரி. நான் மாத்தல. அதுக்காகத் திருடுவியா?"

"நான் எழுதினது சார். நாம வச்சிருக்கறது எல்லாமே காப்பிதானே?" அவள் அலமாரியைக் காட்டினாள்.

"அது யாரோ வெள்ளக்காரன்கிட்ட அடிச்சது. அவனுக்கு என்னத் தெரியாது. நீ அடிச்சது எங்கிட்ட." அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். "நீ எழுதினே, நான் சம்பளம் குடுத்தேன். நல்லதா எண்ணித்தானே குடுத்தேன்? பதரோடயா குடுத்தேன்?"

அம்சவல்லி தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அந்த மனுஷன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று தோன்றியதுதான் அவளை அதிகம் கஷ்டப்படுத்தியது.

விசாரணை அன்று கோர்ட்டில் ஒரு மேஜைமேல் கட்டளையின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஒயரைச் செருக இடம் இல்லாமல் மின்விசிறியை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வேர்த்தது. வீரையன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் நின்றார். கட்டளை வக்கீல் ஃபிளாப்பியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது திருட்டுக் காப்பி. அதாவது போகட்டும். இதுல இருக்கறதுதான் எங்க மெஷின்ல ஓடுதுங்கறதுக்கு என்ன அத்தாட்சி? இத யார் வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் திருத்தலாம்னு அந்தப் பொண்ணே சொல்லுது. எங்க மெஷின் இங்கயே இருக்கு. பாத்துக்கலாம்."

நாகநாதன் பூட்டுக்கட்டையைச் செருகினார். யாரையும் பார்க்கவில்லை. விசாரித்த அதிகாரி ஒரு கலம் என்று போடச் சொன்னார். ஒரு கலத்துக்கு உரிய கிலோ அப்படியே வந்தது. கழிவு இல்லை. இன்னொரு முறை போடச் சொன்னார். அப்படியே வந்தது.

அம்சவல்லி எழுந்தாள். "இது புது வெர்ஷன் சார். அந்த ரெண்டு வரிய எடுத்துட்டாங்க."

"பாக்கி அப்படியேதானே காட்டுது?" என்றார் அதிகாரி.

"அத ஆரம்பப் பாக்கின்னு போட்டு ஏத்தியிருக்காங்க சார். பழைய புரோகிராம் போட்ட பாக்கி."

"பழைய புரோகிராம் எங்க?"

"அழிச்சிருப்பாங்க."

"அதுக்கு முந்தின சீட்டெல்லாம்?"

அவள் வீரையனைப் பார்த்தாள். வீரையன் ஏஜெண்டைப் பார்த்தார். காயாரோகணம் எழுந்து, கம்ப்யூட்டரில் ஏற்றியான பிறகு சீட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது என்றார். அதை மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"மெஷினத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க" என்றார் சேக் தாவூது.

"அது கம்பெனியோட தொழில் ரகசியம்" என்றார் நாகநாதன். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அதிகாரி நல்லவர்தான். அம்சவல்லியை அருகே கூப்பிட்டு, "நீ ஏம்மா பதர் கழிச்சே?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வரும் என்று அவள் சொல்லியிருக்கலாம். அதை அளந்து கொடுத்த வீரையன் அங்கே நின்றுகொண்டிருந்தார். அவள் "தெரியாம சார்" என்று மட்டும் சொன்னாள். அதிகாரி தலையசைத்து எதையோ எழுதினார். ஃபிளாப்பியை மனுவிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நிற்கிற பயிரை அறுத்துக்கொண்டு நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சேக் தாவூது மேல்முறையீடு செய்தார். அது இழுத்துக்கொண்டே போய், பிறகு யாரும் விசாரிக்காமல் ஆனது. சங்கம் ஊர்வலம் நடத்தியது. ஆளுங்கட்சி, இது முந்தின ஆட்சியில் தொடங்கிய வழக்கு என்றது. எதிர்க்கட்சி, இது இந்த ஆட்சியில் முடிந்த வழக்கு என்றது. வேறு யாரும் அம்சவல்லிக்கு வேலை கொடுக்கவில்லை. நல்ல பெண்தான், ஆனால் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடைகளில் எல்லாம் நகலெடுத்த தகடுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. திருவிடைமருதூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனுக்கள் டைப் அடிக்க உட்கார்ந்தாள். மாலையில் கடை மெஷினிலேயே, அந்த இலவசத் தகட்டில் வந்ததை வைத்து, குத்தகைக் கணக்குப் புரோகிராம் ஒன்று புதிதாக எழுதினாள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தமிழில் எழுதினாள். யாரும் நகலெடுக்கலாம், திறந்து பார்க்கலாம் என்று மேலே போட்டாள். சங்க ஆபீசில் கொடுத்தாள். அவர்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்தது. மேட்டூரில் தண்ணீர் தாமதமாகத் திறந்தும், எப்படியோ விளைந்துவிட்டது. வீரையன் கடைசியாக அறுத்தார். ராமாயியும் போனாள். களத்தில் யாரும் அதிகம் பேசவில்லை என்று வந்து சொன்னாள். வயலின் நான்கு மூலையிலும் ஏற்கெனவே மஞ்சள் கல் நட்டிருந்தார்களாம், மனை போட.

அறுப்பு முடிந்த மறுநாள் காலை வீரையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெற்குத்தெருவுக்கு வந்தார். கேரியரில் ஒரு மூட்டை. அவர் அந்தத் தெருவுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. ராமாயி பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"உள்ள வாங்கய்யா" என்றாள் அம்சவல்லி.

அவர் வரவில்லை. வரக்கூடாது என்றில்லை, பழக்கமில்லை. கயிற்றை அவிழ்த்து மூட்டையை வாசலில் இறக்கினார்.

"கூலிதான் நேத்தே குடுத்தாச்சேய்யா?" என்றாள் ராமாயி.

"இது கூலி இல்ல." அவர் அம்சவல்லியைப் பார்க்காமல் சைக்கிள் மணியைப் பார்த்துப் பேசினார். "அன்னிக்குக் கோர்ட்டுல அந்த ஐயா கேட்டாரே, ஏன் கழிச்சேன்னு. நீ சொல்லல. எனக்குத் தெரிஞ்சிது." மூட்டையைக் காட்டினார். "தூத்தினது. பொலியிலேருந்து அளந்தேன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். ஏறி மிதிக்கவில்லை. தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்.

ராமாயி மூட்டையைப் பிரித்தாள். வழக்கம்போல முறத்தை எடுத்தாள், அள்ளிப் போட்டாள், புடைத்தாள். நெல் எழும்பி முறத்திலேயே கனமாக விழுந்தது. ஒன்றும் பறக்கவில்லை. இன்னொரு முறை அள்ளினாள். வெயில் ஏறியது. கோழிகள் வந்து முறத்தின் முன்னால் வழக்கமான இடத்தில் நின்று பார்த்துவிட்டு, தரையைக் கொத்திவிட்டுப் போய்விட்டன.

"போதும்மா. ஒண்ணும் இல்ல, வச்சிடு" என்றாள் அம்சவல்லி.

"இரு" என்றாள் ராமாயி, நிமிராமல். "எங்கயாவது இருக்கும்."